எத்தனை நாளைக்கு?

கம்பளி மூன்று, கோடாரி இரண்டு, நீலப் பாசிமணி ஒரு பிடி. எல்லாம் ஜோலீனின் காலடியில் இருந்தன. அவள் செய்ய வேண்டியதெல்லாம் இடத்தைக் கொடுத்துவிடும் ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போடுவதுதான்.

அவள் போடவில்லை.

மரக்கோட்டையின் சாத்திய கதவுக்கு முன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்களாக ஓர் இரவு வாழ்ந்து பார்க்க வந்த பள்ளிச் சுற்றுலா. கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. முன்னாடியே உள்ளே போன இரண்டு அம்மாக்கள் சூப் கொதிக்க வைத்திருந்தார்கள்; அந்த வாசனை சுவர் இடுக்கு வழியாக வந்து எல்லோரையும் வதைத்தது.

கப்பலில் வந்திறங்கிய தளபதி பிரெண்டன். அந்த வேஷத்துக்கு ஏழு பேர் போட்டி. ஜோலீன் இந்த மேட்டில் ஏற்கெனவே வாழ்ந்த மக்களின் தலைவி. அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் அட்டையில் இருந்தது ஒரே வரி: பரிசுகளைப் பெற்றுக்கொண்டு குறி போடுவார். பேச ஒரு வார்த்தை கிடையாது. இந்த வருஷம்தான் வகுப்பில் சேர்ந்த வாயில்லாப் பூச்சிக்கு இதுதான் பொருத்தம் என்று சிரித்துக்கொண்டே அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை குறி போடும், கதவு திறக்கும், எல்லோரும் சூப்புக்கு ஓடுவார்கள். அரை நிமிஷ வேலை.

ஜோலீன் ஒரு கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். பாச்சை உருண்டை நெடி. ஓரத்தில் சலவைக் கடைச் சீட்டு ஊக்கோடு தொங்கியது. இந்தக் கடலுக்கும் மேட்டுக்கும் விலை இதுதானா?

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

பிரெண்டன் தன் அட்டையைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. கோட்டையின் எழுத்தராக இறகுப் பேனாவோடு நின்ற பூங்காக் காவலர் ஹால்வர்சனை நிமிர்ந்து பார்த்தான்.

வேஷம் போட்டவர் காலை மணி அடிக்கும்வரை அதை விட்டு வெளியே வரக் கூடாது, பெரியவர்கள் குறுக்கே பேசக் கூடாது, எதுவானாலும் பிள்ளைகளே தீர்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஹால்வர்சன்தான். நுணலும் தன் வாயால் கெடும். அவர் பேனாவை மட்டும் மையில் தோய்த்தார்.

"எப்பவுமேதான்," என்றான் பிரெண்டன் கடைசியில். "கோட்டை கட்டுனா யாராவது திருப்பி எடுத்துட்டா போவாங்க?"

"அப்போ கம்பளிய நீயே போத்திக்கோ."

சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும். இருந்த ஒரே தோழியும் போட்டுத் தொலைடி என்று பல்லைக் கடித்தாள். இன்று ராத்திரி இவள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றது இன்னொரு குரல். ஜோலீனின் கண்ணில் நீர் கோத்தது. குறியைப் போட்டால் எல்லோரும் மறுபடி தோழர்கள், அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை வரவில்லை.

மூடுபனி தூறலானது. தளபதியின் அட்டைத் தொப்பி நனைந்து காதில் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய சிப்பாய்கள் அவளை முறைப்பதை விட்டுவிட்டு அவனை முறைக்கத் தொடங்கினார்கள். எத்தனை நாள் என்றுதானே கேட்கிறாள், சொல்லித் தொலையேன் என்றான் ஒருவன்.

பிரெண்டன் அவளுக்கு முன்னால் குந்தினான். நாளைக் காலையில் பஸ் வந்துவிடும், அதுவரைக்கும் என்றான் மெல்லிய குரலில்.

ஜோலீன் எழுந்தாள். "ஒரு ராத்திரி. பாத்திரம் கழுவி, பெருக்கி, வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுட்டுப் போகணும். கம்பளி வேணாம்."

ஹால்வர்சன் அச்சடித்த வரிகளை அடித்துவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேனா நிஜமாக எழுதியது. ஜோலீன் பெருக்கல் குறி போடவில்லை. தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

பிறகு கதவைத் தள்ளித் திறந்து, ஒதுங்கி நின்று, "வாங்க" என்றாள்.

மேடே அதிரும்படி கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அன்றைக்கு முதல் கிண்ணம் சூப் அவளுக்குத்தான் வந்தது. கொண்டுவந்தவன் பிரெண்டன்.

காலையில் மணி அடித்தபோது அடிப்பிடித்த சட்டியைத் தளபதியே முழங்கை வரை கரியோடு தேய்த்துக்கொண்டிருந்தான். முற்றம் பெருக்கியாயிற்று, விறகு அடுக்கியாயிற்று. அந்த மேட்டில் எழுதிய ஒப்பந்தங்களில் சொன்ன சொல் தவறாமல் நடந்தது அநேகமாக அது ஒன்றுதான்.

பஸ்ஸில் முப்பத்தேழு பேர் ஏறினார்கள்.

ஆசிரியை ஜோலீனின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, சம்மதப் படிவத்தின் அடியில் அவள் அம்மா எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். திரும்பி வரப் பஸ் வேண்டாம். வீடு கோட்டைக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம். கோட்டை கட்டுவதற்கு முன்னாலிருந்தே எங்கள் ஆட்கள் அங்கேதான்.

பிரெண்டன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஏய் ஜோலீன், மறுபடி வந்தாலும் உன்னைக் கேட்டுட்டுத்தான் வரணுமா?"

"ஆமா. கேட்டுட்டு வா."

பஸ் வளைவு திரும்பும்வரை கையாட்டினாள். பிறகு கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.