குளிகையில் கிளம்பியவள்

வார்டில் இருந்தவர்கள்: கால் தேறிய செங்கமலம், அவள் கணவர் மாசிலாமணி, நாத்தனார் வடிவு, அவள் கட்டிலுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்த ஒரு பெரியவர்.

காலையிலேயே டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். செங்கமலத்துக்குத் தன் வீட்டில் புரண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். எமகண்டம் கழியட்டும் என்று உட்கார்ந்தார் மாசிலாமணி. கழிந்ததும் சாப்பிட்டார்கள். அதற்குள் குளிகை பிறந்துவிட்டது.

"குளிகையில கெளம்புனா திரும்பத் திரும்ப இங்கயே வரணும் மதினி," என்றாள் வடிவு.

செங்கமலம் எழுந்து நின்றாள். "ஏறிப் படுங்க அண்ணாச்சி, கட்டில் சூடாத்தான் இருக்கு," என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். கால் வலிக்கவில்லை. சிரிப்பு வந்தது.

பார்வை நேரம் முடிந்து காவலாளி வாசலில் நின்றான். "கூட வந்தவங்க எங்கம்மா?"

"உள்ள நல்ல நேரம் பாக்காவ. வந்ததும் அனுப்பி வைங்க."

அவன் சிரித்தபடி கம்பிக் கதவை அவளுக்குப் பின்னால் இழுத்துப் பூட்டினான்.