மருந்தில்லாத தட்டு

துவரையை வாடவைக்கும் பூஞ்சைக்குக் கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சைக்கொல்லி கலந்து விருந்து வைத்திருந்தாள் ஆய்வு மாணவி தமயந்தி. ஒரு தட்டில் மட்டும் மருந்தில்லை. அதில் பூஞ்சை கொழுத்தால்தான் சோதனை செல்லும். இல்லையென்றால் ஆராய்ச்சியே குப்பை. ஜில்லாவின் துவரையையெல்லாம் தின்று ஏப்பம் விட்ட ராட்சசன், அங்கே மட்டும் உண்ணாவிரதம் இருந்தான்.

“சாப்பிடுடா, ராசா!” என்று கெஞ்சினாள்.

“கொல்லப்போறவ ஊட்டினா எவன் தின்பான்?” என்றார் ஆய்வக உதவியாளர் சவரிமுத்து.

“சும்மா இருங்கண்ணே.”

அவர் வேறொரு தட்டை நீட்டினார். யானையைச் சாய்க்கும் அளவுக்கு மருந்து கலந்த தட்டு. மூடியை முட்டிக்கொண்டு வெள்ளைவெளேரென்று பூஞ்சை.

“லேபிளை மாத்தி ஒட்டிட்டியாம்மா?”

தமயந்திக்கு நினைவில்லை. மாறியிருந்தால் சோதனை சரி; மாறவில்லையென்றால் மருந்தே பூஞ்சைக்குத் தீனி. அந்த மருந்தை விதையில் கலக்கச் சொல்லி நாளை விவசாயிகளுக்கு அறிவிக்க வேண்டும். லேபிள்களை இடம் மாற்ற, நகத்தால் ஒன்றின் ஓரத்தை நெம்பினாள். பாதி உரிந்ததும் விரல் நின்றுவிட்டது.