ஆம்புக்குள் ஓர் எலி

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

‘துடைக்கும்போது கை பட்டுடுச்சுங்க.’ கை பட்டால் வரிசையாக நாலு ஓட்டையா விழும்?

‘முள்கரண்டி தவறி விழுந்துடுச்சு.’ கிட்டார் ஒலியைப் பெருக்குகிற ஆம்புக்குப் பின்னால் போய், ஸ்பீக்கர் காகிதத்தைத் தேடிப் பிடித்தா விழும்?

குத்தியது அவள்தான். கோபத்தில். கணவர் குளிக்கப் போன ஐந்து நிமிடத்தில்.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சத்தமில்லாமல் ஓடவைக்கிற மெக்கானிக் அவர். வீட்டுக்கு வந்தால் எலெக்ட்ரிக் கிட்டார். அவரிடம் இருந்த பழைய ப்ளூஸ் இசைத்தட்டில் கிட்டார், தொண்டை கட்டியவன் அழுவது மாதிரி கரகரவென்று ஒலிக்கும். அதே ஒலி வேண்டுமென்று மூன்று வருடமாக ஒரே வரியை வாசிக்கிறார். ஆம்பின் வால்வை மாற்றினார், கிட்டார் கம்பியை மாற்றினார், ஒலியை மாற்றும் பெடல்களை வாங்கி அடுக்கினார். வந்ததென்னவோ பள்ளிக்கூட மணி மாதிரி சுத்தமான சத்தம்.

இன்று காலை மட்டும் நாற்பது தடவை. அவள் எண்ணினாள்.

குத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் அந்தச் சத்தம் வராவிட்டால் கிட்டாரை விட்டே விடுவதாக அவள் தம்பியிடம் சவால் விட்டிருந்தார். வளைந்துபோன முள்கரண்டியைக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்தாள்.

தம்பி வந்தான்.

“என்ன மாமா, கிட்டாருக்கு மாலை வாங்கிட்டு வரட்டுமா?”

“வாயை மூடிக்கிட்டுக் கேளுடா.”

அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கிட்டார் அழுதது. கரகரவென்று, தொண்டை கிழிய.

“மாமா! இசைத்தட்டைப் போட்டு ஏமாத்தறீங்களா?”

கணவருக்கே நம்பிக்கை வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆம்புக்குப் பின்னால் குனிந்தார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எலி!” என்றார். “எலி கடிச்சிருக்கு மச்சான்!”

“ஸ்கேல் வெச்சுக் கடிச்ச மாதிரி இருக்கே?”

“அறிவுள்ள எலிடா. ஸ்பீக்கரைக் கிழிச்சாத்தான் அந்தக் கரகரப்பு வரும்னு மூணு வருஷமா எனக்கு வராத புத்தி அதுக்கு வந்திருக்கு. இந்த வீட்டுல யாரும் எலிப்பொறி வைக்கக் கூடாது, ஆமா.”

“உங்க வீட்டுல எலியாக்கா?”

“ஆமாடா, பெரிய எலி!” என்றாள் அவசரமாக.

சொல்லியாகிவிட்டது. இனி எலி இருந்தே ஆகவேண்டும். மறுநாளிலிருந்து ஆம்புக்குப் பின்னால் தட்டில் ஒரு துண்டு ரொட்டி வைத்தாள். சாயங்காலம் எடுத்து எறியப் போனால் ரொட்டியைக் காணோம். அடுத்த நாளும் அப்படியே. நிஜமாகவே எலி வந்துவிட்டதா என்று அது வேறு பயம்.

நான்காம் நாள் காலித் தட்டில் அந்த முள்கரண்டி கிடந்தது. வளைவை நிமிர்த்தி, கழுவித் துடைத்து வைத்திருந்தது. அடியில் ஒரு துண்டுச் சீட்டு. கணவரின் கோழிக் கிறுக்கல்:

‘எலிக்கு ஜாமும் பிடிக்கும்.’

கூடத்தில் அவர் மறுபடியும் அதே வரியை ஆரம்பித்தார்.

அவள் முதல் வேலையாக வீட்டிலிருந்த முள்கரண்டிகள் அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் ரொட்டியில் ஜாம் தடவினாள், இரண்டு பக்கமும்.