டீச்சருக்கு டை அடித்த நாள்

"கண்ணை நல்லா மூடிக்கோங்க டீச்சர். டை உள்ள இறங்கிடும்."

பார்லர்காரப் பெண் சொன்னதும் டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, டீச்சரின் தலையை வாஷ்பேசினில் சாய்த்து வைத்திருந்தாள். பார்லரில் இதற்கென்றே சாய்வு நாற்காலி உண்டு. கொரோனாவால் பார்லர் பூட்டி நான்கு மாதம் ஆகிறது. சாவி முதலாளியம்மாவிடம். முதலாளியம்மா இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.

மறுநாள் டீச்சரின் ஒரே மகனுக்கு வெளிநாட்டில் கல்யாணம். விமானம் பறக்கவில்லை, போனில்தான் பார்க்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் பஞ்சுத் தலையோடு உட்கார மாட்டேன் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

அவள் வந்தபோது வாசலிலேயே கையில் சானிடைசர் ஊற்றினார். நெற்றியில் தெர்மாமீட்டரை நீட்டினார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார். தப்பாக நினைக்காதே, எனக்கு ஆஸ்துமா, வெளியாள் படியேறி நூறு நாள் ஆகிறது என்று மன்னிப்பும் கேட்டார். பேசியதற்கு இரண்டு மடங்காகப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாடகை பாக்கி கேட்டு அவள் வீட்டு ஓனர் வருவார். நேற்று அவர் கதவைத் தட்டவில்லை, உதைத்தார்.

வேலை போனதிலிருந்து புருஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே இருக்கிறான். ஒற்றை அறை வீடு. மகளுக்குக் கேட்காமல் அவள் அழ வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும். சில நாள் அழுகை வராது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

டையை அலசி முடித்து ஷாம்பூ போட்டாள். விரல் நுனியால் மண்டையை மெல்லப் பிசைந்தாள். டீச்சரின் தோள்கள் தளர்ந்தன. மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்தது.

"மனுஷக் கை மேல பட்டு எத்தனை நாளாச்சும்மா."

அவள் விரல்களை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் பிசைந்தாள்.

டீச்சர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டார். மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். ஷாம்பூ வாசனை ஆளைத் தூக்குகிறதே, என்ன பூ இது என்று கேட்டார்.

அவள் ஈரக் கையால் பாட்டிலைத் திருப்பி, லேபிளில் பொடி எழுத்தைத் தேடிப் படித்தாள்.

"லாவண்டர், டீச்சர்."

முந்தாநாள் காலையிலிருந்து அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தது தெரியவில்லை. மகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்தாள். அதுவும் இல்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

மாஸ்க்கை மேலே ஏற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பார்.

முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அலச ஆரம்பித்தாள்.

டீச்சருக்கு அடர்த்தியான முடி. நுரை போகவே இல்லை.