நாலு மணிப் பதிவு

பதினெட்டு வீடு. பதினெட்டும் நாலு மணிக்கும் நாலரைக்கும் நடுவில்.

ஸ்ரீமதி அந்தத் தாளை மேசைமேல் வைத்து, நேரம் அச்சாகியிருந்த வரிசையில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே. எப்படி?"

செல்லத்தாய் கிராம நர்சாகி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கும் வெயிலில் அலைந்துவிட்டு அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மிஷினில் போன் வயரைச் செருகிவிட்டு, லைன் கிடைப்பதற்காகக் காத்திருந்தாள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் விவரத்தைப் பதிவதற்காக அந்த வருஷம், 2006-இல்தான், நர்சுகளுக்கு இந்தக் கையடக்க மிஷினைக் கொடுத்திருந்தார்கள். தாயில்பட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் செல்போன் டவர் எட்டாது. பதிவதெல்லாம் மிஷினுக்குள்ளேயே கிடக்கும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து போன் லைனில் கோத்தால், அன்றைய விவரம் மொத்தமும் விருதுநகர் அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்.

எந்தப் பதிவு எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பதும் கூடவே போகும். அது நர்சுகளுக்குத் தெரியாது.

ஸ்ரீமதி அந்தத் திட்டத்தின் மேற்பார்வை அதிகாரி. ஊருக்குள்ளேயே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து மனம்போனபடி நிரப்பிய இரண்டு பேரை அந்த மாதம் ஏற்கெனவே பிடித்திருந்தாள். இது மூன்றாவது. அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

"வீடுகளுக்குப் போனீங்களா இல்லையா?"

"போனேன் மேடம்."

"போனா அங்கேயே பதியறதுக்கு என்ன?"

"அங்கன வச்சு முடியலை."

"ஏன் முடியலை?"

செல்லத்தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "முடியலை மேடம்."

லைன் அறுந்துபோனது. அவள் வயரை உருவி மறுபடியும் செருகினாள்.

அதற்குமேல் கேட்க ஸ்ரீமதிக்குத் தெம்பில்லை. மெமோ கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கொடுக்கும்முன் ஒருதடவை நேரில் பார்த்துவிடலாம்.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் புறப்பட்டாள். சிவகாசியில் பஸ் மாறி, வழியெல்லாம் நின்றுகொண்டே வந்து இறங்கியபோது மணி நாலு பத்து.

பஸ் நிறுத்தத்து நிழலில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிஷின். முன்னால் நோட்டு இல்லை, துண்டுச்சீட்டுகூட இல்லை. தலை நிமிராமல் அதன் திரையைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிடித்தாயிற்று. ஆனால் ஸ்ரீமதிக்குச் சந்தோஷமாக இல்லை. அவளைக் கூப்பிடாமல், போன வாரப் பதிவுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள்.

முதல் வீடு முருகம்மாளுடையது. ஏழு மாதம். நர்சம்மா வந்தார்களா என்று கேட்டதற்கு, போன வாரமும் வந்தாக, இன்னைக்கும் வந்துட்டுப் போனாக என்றாள். எடை நாற்பத்து நாலு என்று சொன்னாள். தாளிலும் நாற்பத்து நாலுதான். சத்து மாத்திரையை விழுங்கப் பிடிக்காமல் அரிசிப்பானைக்குள் போட்டுவைத்ததையும் சொன்னாள். மாமியாருக்குத் தெரியாதாம், நர்சம்மாவிடம் மட்டும்தான் சொன்னாளாம்.

அதுவும் தாளில் இருந்தது.

அடுத்த வீட்டில் கால் வீக்கம். தாளிலும் வீக்கம், இடது காலில் என்றுகூட. அதற்கடுத்த வீட்டில் குழந்தைக்குப் போன வாரம் இரண்டு நாள் பால் கக்கல். அதுவும் சரி. ஆறு வீடு பார்த்துவிட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து புளுகியவள் எழுதுகிற எழுத்தில்லை இது.

அப்படியானால் அங்கேயே பதிவதற்கு என்ன கேடு?

ஏழாவது வீட்டில் பஞ்சம்மாள் வாசலோரம் உட்கார்ந்து, கம்பி மத்தாப்புக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தொட்டிலில் இருபது நாள் குழந்தை. அதிகாரி என்று தெரிந்ததும் வேலையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்து நின்றாள்.

ஸ்ரீமதி ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாம் பொருந்தியது.

"நர்ஸ் வந்தா எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"ஒங்களை மாதிரிதான் மேடம். நிதானமா உக்காந்து எல்லாத்தையும் கேப்பாக."

"ஒரு மிஷின் வச்சிருப்பாங்களே, அதை எடுப்பாங்களா?"

"பைக்குள்ள கிடக்கும். இங்கன எடுக்க மாட்டாக."

"ஏன்?"

பஞ்சம்மாள் ஒதுக்கி வைத்த அட்டைகளைப் பார்த்தாள்.

"சொன்னா அவுகளைத் திட்டுவீகளா மேடம்?"

"இல்லை. சொல்லுங்க."

"பேசிக்கிட்டு இருந்தா பெட்டி ஓடாது. விளக்கு வைக்கிறதுக்குள்ள லோடு ஏத்த வண்டி வந்துரும். அதனால எடை, பிரசர் எல்லாம் பாத்து முடிச்சதும், என்னையப் புள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்லிட்டு, என் இடத்துல அவுக உக்காந்து ஒட்டிக்கிட்டேதான் கேள்வி கேப்பாக. எல்லா வீட்லயும் அப்படித்தான். கடைசி வீட்டை முடிச்சப்புறந்தான் கை கழுவுவாக. வீட்டுக்கு வீடு கை கழுவ இந்த ஊர்ல தண்ணிக்கு எங்க போக? பசைக்கையோட அந்த மிஷினை எப்படி மேடம் தொட?"