எதிலிருந்து மாறினாள்?

“ட்ராஸ்டிக்கலி மாறிட்டா மேடம். ட்ராஸ்டிக்கலி!”

“பாத்தீங்களா, இங்கிலீஷ்ல ஏசுனா எனக்கு வெளங்காதுன்னு நெனப்பு.”

“நான் எங்க ஏசுனேன்?”

“பின்ன, கொஞ்சுனீங்களாக்கும்?”

குடும்ப ஆலோசனை மையத்தின் வராந்தாவில் காத்திருந்தவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

அவன் குரலை இறக்கினான்.

மனைவி செண்பகவல்லி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கு எப்படியும் அவளைக் கையோடு அழைத்துப் போய்விட வேண்டும்.

ஆலோசகர் ஹெலன் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏச்சு இல்லம்மா. கொஞ்சநஞ்சம் மாறுனா அந்த வார்த்தையச் சொல்ல மாட்டாங்க. அடியோட மாறுனாத்தான். வெலவாசி ட்ராஸ்டிக்கலி ஏறிருச்சும்பாங்கள்ல, அந்த மாதிரி.”

அவள் யோசித்தாள்.

“வெலவாசின்னா, முந்தி இம்புட்டு இருந்துச்சு, இப்ப இம்புட்டுன்னு சொல்லலாம். நான் எதுல இருந்து மாறுனேனாம்? கேளுங்க மேடம்.”

மேடம் அவன் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க சார். முந்தி எப்படி இருந்தாங்க?”

இது ஒரு கேள்வியா என்று இருந்தது அவனுக்கு.

“நான் வந்ததும் காப்பி வரும் மேடம்.”

“காப்பி இருக்கட்டும். அவங்க?”

“சட்டையெல்லாம் தேச்சு மாட்டியிருக்கும்.”

“சரி. அவங்க?”

அவன் வாயைத் திறந்தான்.

டம்ளர் நினைவுக்கு வந்தது. அதை நீட்டிய கை வந்தது. வளையல்கூட வந்தது.

கைக்கு மேலே எதுவும் வரவில்லை.

அவள் முகத்திலிருந்து கோபம் போயிருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னதான் சொல்வான் என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

“தெரியல,” என்றான்.

மேடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அக்கா வீடு வரைக்கும் நடந்து வாங்க. சொல்றேன்.”

அவன் எழுந்தான்.

உங்கள் வீட்டில் இருப்பவர் முந்தி எப்படி இருந்தார்? அவர் உங்களுக்குச் செய்ததையெல்லாம் விட்டுவிடுங்கள். அவரைப் பற்றி மட்டும், ஒரே ஒரு வரி, கீழே எழுதுங்கள்.