பனியில் ஒரு ஷூத் தடம்

குளோரியா அடுத்த பெட்டியையும் கிழித்துத் திறக்கிறாள். பிரேசர் டவுன் ஷூக் கடையின் தரையெங்கும் ஷூக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. மேல்பக்கத்தை அவள் பார்ப்பதே இல்லை. ஒவ்வொன்றின் அடியையும் கதவோரம் சாய்ந்து விழும் வெயிலில் தூக்கிப் பிடித்து, கைப்பேசியிலுள்ள படத்தோடு ஒப்பிடுகிறாள். இமயமலையில் ஓடப் போன தம்பி டிரேவரை நேற்றிலிருந்து காணவில்லை. கிழக்குச் சரிவில், பனியில் ஒரே ஒரு தடம் கிடைத்திருக்கிறது. அது அவனுடையதென்றால் மீட்புக் குழுவினர் இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் தேடுவார்கள். இல்லையென்றால் எங்கே தேடுவதென்று யாருக்கும் தெரியாது. "பனியில ஓடன்னே இங்கதானே வாங்கினான், பாஸ்கர். எதுன்னு கொஞ்சம் யோசிங்க." "ஏழெட்டு ஜோடி போட்டுப் பாத்தார், மேடம்," என்று ஏணியில் நிற்கும் கடைக்காரர் பாஸ்கர் முனகுகிறார். கடைசிப் பெட்டியில் தாள் சரசரக்கிறது. ஷூவின் அடியில் குட்டிக் குட்டி இரும்பு முட்கள், நடுவே ஓர் அம்புக்குறி. படத்திலுள்ள தடத்திலும் அதே முட்களின் குழிகள், அதே அம்பு. அவள் மீட்புக் குழுவின் எண்ணை அழுத்துகிறாள். மறுமுனையில் மணி அடிக்கிறது. பாஸ்கர் இறங்கி வந்து ஷூவை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். அவர் முகம் வெளுக்கிறது.

"போனை வெச்சிடுங்க மேடம். இது விரலைக் கடிக்குதுன்னு கழட்டிட்டார். முள்ளில்லாததைத்தான் எடுத்துட்டுப் போனார். வழுக்கும் சார்னு நான் சொன்னேன்."